பதினாறு பிள்ளைக்கு எத்தனை கொப்பி?

தம்பலகாமத்தில் படிப்பிக்கும் சிநேகிதி ஒருவர் போன தவணை லீவில் கோல் எடுத்தார். தரம் 7, 8 பிள்ளைகள் பதினாறு பேரைச் சேர்த்துச் சனிக்கிழமைகளில் நாவல் வாசிக்க வைக்கப் போகிறாராம். ஒரே நாவலில் நாலு பிரதிகள் கைவசம் இருக்கின்றன. "பிள்ளையள் கதைக்கவும் வேணும், எழுதவும் வேணும். எத்தின கொப்பி வாங்கட்டும் ரீச்சர்?" என்று கேட்டார்.

கடையில் நின்று கேட்கிற கேள்வி போலத்தான் இருந்தது. ஆனால் விஷயம் முழுவதும் அந்த எண்ணிக்கைக்குள்தான் கிடக்கிறது. பதினாறு வாங்கினால் ஒவ்வொரு பிள்ளையும் தனக்குத் தனக்கென்று எழுதும், வாசிக்கப் போவது ரீச்சர் மட்டும். நாலு வாங்கினால் குழுவுக்கு ஒன்று, பிள்ளைகளே ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிப்பார்கள். ஒன்றும் வாங்காமல் கதைக்க மட்டும் விடலாம். கொப்பியை விட்டுவிட்டு, போட்டோகொப்பி அடித்த தாள்களைக் கொடுத்து ஆளுக்கொரு வேலை பிரித்தும் விடலாம். திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் இந்த நாலையும் ஒவ்வொரு காலத்தில் செய்து பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாது என்பதல்ல பிரச்சினை. தரம் 5 புலமைப்பரிசிலுக்கே வினாத்தாள் வினாத்தாளாகச் செய்து வந்தவர்கள். ஒரு பந்தியைக் கொடுத்தால் விடை எந்த வரியில் இருக்கிறது என்று கண்ணாலேயே பொறுக்கி எடுத்துவிடுவார்கள். அமெரிக்காவில் லூயிஸ் ரோசன்பிளாட் என்ற பேராசிரியர் வாசிப்பை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். பிள்ளை விஷத்தைக் குடித்துவிட்டது, தாய் போத்தலின் லேபிளைப் பதறிப் பதறி வாசிக்கிறாள், மாற்று மருந்து என்ன என்பதைத் தவிர வேறொன்றும் அவளுக்கு வேண்டாம். அது ஒரு வகை. வாசிக்கிற நேரத்தில் மனதுக்குள் என்ன நடக்கிறது என்பதே முக்கியமாக இருப்பது மற்ற வகை. கதை இரண்டாவது வகைக்கு உரியது. எங்கள் பிள்ளைகள் கதையையும் லேபிளாக வாசிக்கப் பழகியிருக்கிறார்கள். 'இக்கதையின் மூலம் நாம் அறிந்துகொள்வது யாதெனில்' என்று தொடங்கும் வசனம் அவர்கள் கைவிரலிலேயே இருக்கிறது. அதனால் எந்த முறையைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: இந்த வசனத்தை எழுதாமல் இருக்க அது பிள்ளைக்கு இடம் கொடுக்கிறதா?

பதினாறு கொப்பி

இதைத்தான் எல்லோரும் முதலில் நினைப்போம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆளுக்கொரு 80 பக்கச் சிங்கிள் ரூல் கொப்பி, அட்டையில் பெயர், வாசித்த நாள், பக்கம், 'என் எண்ணங்கள்'. மூன்று வாரம் கழித்து எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துப் பார்த்தால், பதினொரு கொப்பியில் 'கதை மிகவும் நன்றாக இருந்தது' என்றிருந்தது. இரண்டில் கதைச் சுருக்கம். ஒன்றில் கதாநாயகனின் நற்பண்புகள் ஐந்து, இலக்கமிட்டு. பிள்ளைகளில் பிழை இல்லை. கொப்பியைக் கொடுத்தது ரீச்சர், திருப்பி வாங்கப்போவதும் ரீச்சர். அப்படியென்றால் அது பரீட்சைக் கொப்பி தானே.

இதை மாற்ற ஒரு வழி கடிதம். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு ஆசிரியையாக இருந்த நான்ஸி அட்வெல், பிள்ளைகள் வாசித்த புத்தகத்தைப் பற்றித் தனக்குக் கடிதம் எழுத வைத்து, தானும் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினார். 1987 இல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். புள்ளி போடுவதில்லை, பிழை திருத்துவதில்லை, ஒரு வாசகர் இன்னொரு வாசகருக்கு எழுதுவதுதான். செய்து பார்த்தேன். பிள்ளைகளின் எழுத்து உண்மையிலேயே மாறியது. 'ரீச்சர், உங்களுக்கு அந்த மாமாவைப் பிடிச்சதா? எனக்கு அவரைப் பாத்தாலே கோவம் வருது' என்று ஒரு பிள்ளை எழுதியதைக் கண்டபோது, இனி இதுதான் வழி என்று நினைத்தேன்.

பிறகு கணக்குப் பார்த்தேன். ஒரு கடிதத்தை வாசித்து மனம்விட்டுப் பதில் எழுத எட்டு நிமிடம். பதினாறு பேருக்கு இரண்டு மணித்தியாலமும் எட்டு நிமிடமும். அதுவும் வாராவாரம். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளை வகுப்புகள் மூன்று வைத்திருக்கும் ஆசிரியைக்கு இது ஒரு மாதத்துக்கு மேல் ஓடாது. ஐந்தாவது வாரம் என் பதில்களைத் திருப்பி வாசித்தால் 'நன்று, தொடர்ந்து எழுதுங்கள்' என்று இருந்தது. பிள்ளைகள் விட்ட வசனத்தை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு குறை மெல்லத்தான் தெரிந்தது. பதினாறு பேரும் என்னோடு கதைத்தார்கள், தங்களுக்குள் கதைக்கவில்லை. குழுவில் இருத்தினால் என் முகத்தைப் பார்த்தே பேசினார்கள்.

வேலை பிரிக்கும் தாள்

வாசிப்பு வட்டம் என்று இணையத்தில் தேடினால் முதலில் வருவது இதுதான். ஹார்வி டானியல்ஸ் 1994 இல் எழுதிய நூலால் பரவியது. குழுவில் ஆளுக்கொரு வேலை. ஒருவர் கேள்வி தயாரிப்பார். ஒருவர் கடினமான சொற்களைப் பிடிப்பார். ஒருவர் நல்ல வரிகளைப் பொறுக்குவார். ஒருவர் கதையைத் தன் வாழ்க்கையோடு பொருத்திப் பார்ப்பார். ஒருவர் படம் வரைவார். ஒருவர் சுருக்கிச் சொல்வார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள், நிரப்பிக்கொண்டு வர வேண்டும். அடுத்த முறை வேலைகள் மாறும்.

பார்க்க அழகாக இருக்கும். பெற்றோருக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் பிள்ளை என்ன செய்தது என்று தாளில் தெரியும். வாய் திறக்காத பிள்ளைக்கும் இது நல்லது, தன் முறை வந்தே தீரும் என்பதால். படம் வரைகிற ஒரு பையன் எங்களிடம் இருந்தான். கதைக்கச் சொன்னால் நிலத்தைப் பார்ப்பான். கதையில் வரும் வீட்டைக் கிணற்றடியிலிருந்து பார்ப்பது போல வரைந்துகொண்டு வந்தான். அடுக்களை எந்தப் பக்கம் என்று குழுவில் சண்டையே வந்தது. அவன் புத்தகத்தைப் பிரித்து 'இஞ்ச பாருங்கோ, பின்னேர வெயில் அடுப்படியில விழுது எண்டு இருக்கு, அப்ப மேற்குப் பக்கம்தானே' என்றான். அந்த ஒரு நிமிடத்துக்காகவே இந்த முறையை முழுதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் மற்ற நாட்களில் நடந்தது வேறு. சொல் பிடிக்கும் பிள்ளை எழுந்து ஐந்து சொல்லும் ஐந்து கருத்தும் வாசித்தது, இடாப்புக் கூப்பிடுகிற மாதிரி. அடுத்தவர் வரி வாசித்தார். அடுத்தவர் சுருக்கம் சொன்னார். பதினொரு நிமிடத்தில் "முடிஞ்சுது ரீச்சர்" என்று நிமிர்ந்து பார்த்தார்கள். ஆறு பேர் பேசினார்கள், ஆனால் ஒருவர் சொன்னதற்கு மற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டானியல்ஸே 2002 இல் வந்த இரண்டாம் பதிப்பில் இதைச் சொல்லி, தாள்களை நெடுகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று எச்சரித்தார். தாள் சைக்கிளின் பயிற்சிச் சில்லு மாதிரி. பழகும் மட்டும் இருக்கலாம்.

அப்புறம் செலவு. பதினாறு தாள், ஆறு சந்திப்பு என்றால் 96 போட்டோகொப்பி. 2022 இல் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். அந்த வருடம் எங்கள் வீட்டில் பழைய கலண்டரின் பின்பக்கத்தில்தான் எழுதினோம். இப்போது தாள் கிடைக்கிறது, ஆனால் அந்தப் பயம் என் கையை விட்டுப் போகவில்லை.

கொப்பியே வேண்டாம் என்றால்

இது நான் நினைத்ததைவிட நல்லாகப் போனது. இங்கிலாந்தில் ஆசிரியராக இருந்து பிள்ளைகளுக்கு நாவல்களும் எழுதிய ஏய்டன் சேம்பர்ஸ், நாலு கேள்வியோடு தொடங்கச் சொல்கிறார். எது பிடித்தது? எது பிடிக்கவில்லை? எது குழப்பியது? எது திரும்பத் திரும்ப வருகிறது, எது எதோடு பொருந்துகிறது? இவ்வளவுதான். ரீச்சருக்கு விடை தெரிந்த கேள்வி இதில் ஒன்றுகூட இல்லை.

அவர் தவிர்க்கச் சொல்லும் ஒரு சொல் 'ஏன்'. அதற்குப் பதில் 'சொல்லு, கேப்பம்' என்று விட வேண்டுமாம். ஆங்கிலத்தில் அது எவ்வளவு உறுத்துமோ தெரியாது, தமிழில் எனக்கு உடனே விளங்கியது. எங்கள் வீடுகளில் 'ஏன்' என்பது கேள்வியே இல்லை, ஏச்சு. ஏன் பிந்தினாய், ஏன் சத்தம் போடுறாய், ஏன் இன்னும் படுக்கேல்ல. 'உனக்கு ஏன் அந்த இடம் பிடிச்சது' என்று கேட்டதும் பிள்ளை தப்புச் செய்தவன் மாதிரி 'சும்மாதான்' என்று பின்வாங்கும். அதையே 'அந்த இடத்தைப் பற்றிச் சொல்லும்' என்று கேட்டால் நாற்காலி நுனிக்கு வரும்.

எது பிடிக்கவில்லை என்ற கேள்விக்கு முதல் இரண்டு வாரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அச்சடித்த புத்தகத்தைக் குறை சொல்லலாம் என்பதே அவர்களுக்குப் புதிது. மூன்றாவது வாரம் ஒரு பிள்ளை மெல்ல, "முப்பதாம் பக்கத்துக்குப் பிறகு அலுப்படிக்குது" என்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் அலுப்படித்தது என்றேன். அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் அவர்களை நிறுத்த முடியவில்லை. எந்தப் பக்கத்தில் அலுப்பு தொடங்குகிறது, எழுத்தாளர் எதை வெட்டியிருக்கலாம், அந்தக் கிழவர் திரும்பி வந்திருந்தால் நல்லாயிருந்திருக்குமா.

குறை இதுதான்: கதைத்தது காற்றோடு போய்விடும். அடுத்த சனிக்கிழமை 'போன கிழமை நீ என்ன சொன்னனீ' என்றால் சொன்னவருக்கே ஞாபகம் இராது. அதோடு, பேச்சில் வேகமானவர்கள் எல்லா இடத்தையும் எடுத்துக்கொள்வார்கள். யோசித்துப் பேசுகிற பிள்ளைக்கு, தான் சொல்ல வந்தது ஞாயிறு பின்னேரம்தான் வாயில் வரும். அந்த நேரம் குழு இல்லை.

வட்ஸ்அப்பில் குரல் பதிவு போடச் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். போட்டுப் பார்த்தோம். போன் அப்பாவிடம், அப்பா வேலைக்கு. இரவு ஒன்பதரைக்குத்தான் பிள்ளையின் கைக்கு வரும், அதுவும் டேட்டா இருந்தால். ஒரு குழுவில் நாலு பேரில் இருவர் பதிவு போட்டார்கள், மற்ற இருவர் கட்டைவிரல் காட்டினார்கள். விட்டுவிட்டோம்.

நாலு கொப்பி

நாலு பேருக்கு ஒரு கொப்பி. பெரிய சிஆர் கொப்பியாக இருக்கட்டும், தடித்த அட்டை, தாங்கும். நாவலின் ஒரு பிரதியும் அந்தக் கொப்பியும் ஒரே துணிப்பையில் போகும். இப்படி யோசித்ததே புத்தகம் போதாமல்தான். நாலு பேருக்கு ஒரு பிரதி என்றால் எப்படியும் அது வீடு வீடாகச் சுற்றத்தான் வேண்டும். அப்போ கொப்பியும் கூடவே சுற்றட்டுமே.

கணக்கு இப்படி: ஒரு பிள்ளையிடம் மூன்று நாள். நாலு பிள்ளைக்குப் பன்னிரண்டு நாள், காய்ச்சல், கல்யாண வீடு என்று பிந்துவதற்கு இரண்டு நாள். ஆக இரண்டு கிழமைக்கு ஒரு சுற்று, அதன் முடிவில் நாற்பது நிமிடக் கதைப்பு. ஒரு சுற்றுக்கு முப்பது பக்கம். 120 பக்க நாவல் நாலு சுற்றில், எட்டுக் கிழமையில் முடியும். ஒரு தவணைக்கு ஒரு நாவல். இடையில் வரும் சனிக்கிழமைகளில் நான் ஒரு சிறு பகுதியைச் சத்தமாக வாசிப்பேன், அவ்வளவுதான். குழுவில் ஐந்து பேர் வரை சமாளிக்கலாம். ஆறைத் தாண்டினால் சுற்றும் நீளும், கதைக்கும்போது இரண்டு பேர் கட்டாயம் ஒளிந்துகொள்வார்கள்.

நேரம் பிடிப்பதுதான் எங்கள் ஊரில் பெரிய பாடு. சனி காலை ரியூசன், ஞாயிறு காலை அறநெறி அல்லது மறைக்கல்வி, முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பின்னேரம் மத்ரஸா. சனி மூன்றரை மணி ஒன்றுதான் எல்லோருக்கும் பொருந்தியது.

இந்தக் கொப்பியில் என்ன நடக்கும் என்பதை ஒரு பக்கத்தை வைத்துச் சொல்கிறேன். நாங்கள் வாசித்த கதையில் வெள்ளம் ஒரு வீட்டை அள்ளிக்கொண்டு போகும். தரம் 7 பிள்ளை ஒருத்தி இரண்டே வரி எழுதியிருந்தாள்: 'எங்கட அம்மம்மா கடற்கரைக்கு வரமாட்டா. ஏன் எண்டு கேக்கக் கூடாது எண்டு அம்மா சொல்லியிருக்கிறா.' அதற்குக் கீழே, வேறு பேனையில், பை அடுத்துப் போன வீட்டுப் பிள்ளையின் கையெழுத்து: 'எங்கட வாப்பும்மாவும்.'

அவ்வளவுதான். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 இல் இந்தப் பிள்ளைகள் ஒருவரும் பிறக்கவில்லை. கதையில் வருவது கடலும் இல்லை. அந்த இரண்டு வரி கடிதமாக எனக்கு வந்திருந்தால் நான் ஆறுதலாகப் பத்து வரி எழுதியிருப்பேன், அது அங்கேயே முடிந்திருக்கும். வேலைத் தாளில் 'தொடர்பு' என்ற கட்டத்துக்குள் அது வந்திருக்காது. விறாந்தையில் எல்லோர் முன்னாலும் அவள் அதைச் சொல்லியிருக்கவே மாட்டாள். கொப்பியில் எழுதினாள். இன்னொரு பிள்ளை ஒற்றைச் சொல்லால் பதில் வைத்தது. அடுத்த சந்திப்பில் இருவரும் பக்கத்தில் இருந்தார்கள். அதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்படிச் சொல்லிவிட்டு, இதன் தலையிடிகளையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை.

முதலாவது, பார்த்தெழுதுதல். முதல் பிள்ளை எழுதியதை இரண்டாவது பிள்ளை வாசித்துவிட்டு 'எனக்கும் அப்படித்தான்' என்று முடித்துவிடும். அதனால் ஒரு ஒழுங்கு வைத்தோம்: முதலில் வாசி, பிறகு உன் பக்கத்தை எழுது, அதற்குப் பிறகுதான் முன்பக்கம் புரட்டலாம். புரட்டியதும் ஒருவருடைய பக்கத்தின் ஓரத்தில் ஒரு வரியாவது எழுத வேண்டும். முன்பக்கங்களை ஒரு துணிக் கிளிப்பால் பிடித்து அனுப்பினோம். கிளிப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள், இருக்கட்டும். ஒவ்வொரு சுற்றிலும் தொடங்குகிறவர் மாற வேண்டும்.

இரண்டாவது, பெற்றோர். ஒரு தாய், நல்ல மனதோடுதான், நாலு பிள்ளைகளின் பக்கங்களையும் சிவப்புப் பேனையால் திருத்தி, 'எங்கட'வை வெட்டி 'எங்களுடைய' ஆக்கி, கடைசியில் 6/10 என்று போட்டு அனுப்பியிருந்தார். அந்தச் சுற்றில் கொப்பி செத்துப்போனது. அடுத்தவர்கள் மூவரும் சுருக்கம் எழுதி அனுப்பினார்கள். இப்போது அட்டையின் உட்பக்கத்தில் பெரிதாக ஒட்டியிருக்கிறேன்: 'இதில் எழுத்துப்பிழை பார்ப்பதில்லை. பெரியவர்கள் வாசிக்கலாம், பேனை எடுக்க வேண்டாம்.' பேச்சுத் தமிழில் எழுதலாமா என்று சில ஆசிரியர்கள் என்னோடு வாதாடியிருக்கிறார்கள். எழுதட்டும். கட்டுரை எழுதப் பள்ளிக்கூடத்தில் கட்டுரைக் கொப்பி இருக்கிறது. கிண்ணியாப் பிள்ளையின் தமிழும் உப்புவெளிப் பிள்ளையின் தமிழும் ஒரே பக்கத்தில் அருகருகே இருப்பதைப் பார்க்க எனக்கு ஆசைதான்.

மூன்றாவதுதான் உண்மையான பிரச்சினை. எழுத விட்டால் பிள்ளைகள் எதையும் எழுதுவார்கள். இந்த மாவட்டத்தில் எந்த வீட்டில் என்ன மூடி வைக்கப்பட்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பக்கம் நாலு வீட்டுக்குப் போகிறது என்பதைப் பிள்ளை அந்த நேரம் மறந்துவிடும். இதற்குத்தான் மடித்த பக்கம். கொப்பியின் கடைசியில் ஆளுக்கு நாலு தாள். அதில் எழுதி மடித்து ஒட்டினால் ரீச்சர் மட்டும் திறப்பார். முழுதும் இரகசியம் என்றால் வெளியில் 'நீங்களும் வேண்டாம்' என்று எழுதிவிடலாம், நான் திறக்கமாட்டேன். கடிதக் கொப்பியின் நல்ல பாதியை இங்கே கொண்டுவந்து வைத்தேன் என்று சொல்லலாம். ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று கடிதம்தான் வரும், அதற்கு மனம்விட்டுப் பதில் எழுத நேரமும் இருக்கும். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிகிற ஒன்றை எழுதினால் நான் பேசாமல் இருக்கமாட்டேன் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுவேன். அதைச் சொல்லாமல் இரகசியம் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது.

தொலைந்துபோவதும் உண்டு. ஒருமுறை பை கோட்டை வாசல் பக்கத்து மதிலில் இருந்தது, பிள்ளை ஐஸ்பழம் வாங்கப் போயிருந்தது. எங்கள் ஊர்த் தெருவில் திரியும் மான்களைத் தெரியாதவர்கள் நம்பமாட்டார்கள். லஞ்ச் சுற்றிய தாளையே விடாது, சிஆர் கொப்பியை விடுமா? இரண்டு பக்கம் போய்விட்டது, மூன்றாவது பாதி. பிள்ளை அழுதுகொண்டு வந்தது. போன பக்கங்களில் என்ன இருந்தது என்று நாலு பேருமாக ஞாபகப்படுத்தி எழுதச் சொன்னேன். 'நீ அப்பிடி எழுதேல்ல', 'எழுதினனான்', 'இல்ல, நீ அவன் பொய் சொல்லுறான் எண்டுதான் எழுதினனீ' என்று ஒரு மணித்தியாலம் போனது. அந்தத் தவணையில் நாவலைப் பற்றி அவ்வளவு நுணுக்கமாக வேறெந்த நாளும் அவர்கள் கதைக்கவில்லை.

எந்த நாவல்?

நாலு குழுவுக்கும் ஒரே நாவலா, வேறு வேறா என்றும் சிலர் கேட்பார்கள். சிநேகிதியிடம் இருப்பதுபோல் பிரதிகள் இருந்தால் ஒரே நாவல். கடைசியில் நாலு கொப்பிகளையும் குழுக்கள் மாற்றி வாசிக்கலாம், அந்த நாள் விறாந்தையில் சத்தம் தாங்காது. பிள்ளைகளே தெரிவு செய்ய வேண்டும் என்பது நல்ல கொள்கை, ஆனால் தெரிவு செய்யத் தட்டில் ஏதாவது இருக்க வேண்டுமே. இரண்டு மூன்று நாவல்களின் முதல் பத்துப் பக்கத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டி வாக்கெடுத்தால் போதும். நாவலே கிடைக்காவிட்டால் சிறுகதையில் தொடங்கலாம். நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் ஈழத்து நூல்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடக்கின்றன. தரம் 9 பிள்ளைகள் என்றால் மூதூர்க்காரரான வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி'யைக் கொடுத்துப் பார்க்கலாம். கொட்டியாரக் குடாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அதில் அகராதி தேவைப்படாது.

திருகோணமலை என்றதும் சிலர் தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி'யை நினைப்பார்கள். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படுவது, 1895 இல் வந்தது, எழுதியவர் எங்கள் ஊர்க்காரர். அந்தப் பெருமையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். புத்தகத்தைத் தரம் 7 இன் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

அப்போ எத்தனை?

நாலு கொப்பி, சந்திப்புக்குப் பன்னிரண்டு அரைத்தாள். அரைத்தாள் எதற்கென்றால், சந்திப்பு தொடங்கியதும் கதைக்க விடாமல் மூன்று நிமிடம் எல்லோரும் எழுத வேண்டும். கொப்பி ஒருவரிடம்தானே இருக்கும், மற்ற மூவரும் அரைத்தாளில். சேம்பர்ஸின் நாலு கேள்வியில் ஏதாவது ஒன்று போதும். அந்த மூன்று நிமிடம் மெல்ல யோசிக்கிற பிள்ளைக்கானது. வேகமானவர்கள் வாய் திறக்கும்போது அதன் கையில் ஏற்கெனவே ஒரு வரி இருக்கும். முடிந்ததும் தாளைக் கொப்பியில் ஒட்டிவிடலாம். ஒட்டாமல் வீட்டுக்குக் கொண்டுபோனாலும் நான் கேட்பதில்லை.

வேலைத் தாளை முதல் சுற்றுக்கு மட்டும் வையுங்கள், அதுவும் கேள்வி கேட்பவர், வரி பொறுக்குபவர், படம் வரைபவர் என்று மூன்று வேலை போதும், நாலாவது பிள்ளைக்கு என்ன வேண்டுமோ அது. இரண்டாம் சுற்றில் யாரும் கேட்காவிட்டால் எடுத்துவிடுங்கள். ஒரு பிள்ளை படத்தை விடமாட்டேன் என்றால் விடாமலே இருக்கட்டும்.

இந்தத் தெரிவு எல்லோருக்கும் பொருந்தாது. உங்களிடம் ஐந்தே பிள்ளைகள் என்றால் கடிதக் கொப்பிதான் சிறந்தது, நேரம் இருக்கும். பள்ளிக்கூட வகுப்பில் நாற்பது பேரை வைத்துச் செய்வதென்றால் கொப்பி சுற்றுவதை நினைக்கவே வேண்டாம், நாலு கேள்வியும் மூன்று நிமிட எழுத்தும் ஒரு பாடவேளைக்குள் அடங்கும். பிள்ளைகளின் வீடுகள் தூரமென்றால், பை பஸ்ஸில் தனியாகப் போகாது என்பதால், குழுவை ஊர் பார்த்துப் பிரியுங்கள்.

சிநேகிதி கேட்டுவிட்டு, "அப்ப அஞ்சு வாங்கிறன்" என்றார். ஐந்தாவது எதற்கு என்றேன். ஒரு குழுவின் கொப்பி தொலைந்தால் மாற்றுக்காம். மான் தம்பலகாமத்தில் இல்லையே என்றேன். "மாடு இருக்கு" என்றார்.

ஐப்பசியில் தொடங்குவதாக இருந்தார். கொஞ்சம் முந்துங்கள் என்று சொன்னேன். கார்த்திகை, மார்கழியில் மழை விடாமல் பெய்யும், பை நனையும், ஜெல் பேனை மை கலங்கிப் பக்கம் முழுதும் நீலமாகும். போல்பொயின்ற் பேனையால் எழுதச் சொல்லுங்கள். கொப்பிக்கும் புத்தகத்துக்கும் சேர்த்து ஒரு பொலித்தீன் உறை போடுங்கள்.